எட்டாம் நம்பர் மட்டும் தப்பித்தது

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தும் தங்க நிறம் கைக்கு வராத ஆள் நான். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மண் இது. அந்த மண்ணின் மேலேயே நாற்காலி போட்டு, ஃபோட்டோஷாப்பைத் திறந்து வைத்து, எங்கள் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பக்கத்து லைன் பையன்களின் டென்னிஸ் பால் கிரிக்கெட் அணிக்கு ‘கோல்டு கலர்’ ஜெர்சி ஒன்று வடிவமைத்துக் கொடுத்தேன். திரையில் தகதகவென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் விரலைத் தூக்கிக் காட்டினார்கள். துணியில் அச்சாகி, மூட்டையாகக் கட்டி வந்ததைப் பிரித்தால் சுத்தமான கடுகு மஞ்சள்.

“இன்னாண்ணா இது, மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல கீது?” என்றான் கேப்டன்.

அவனுக்கு நான் விஞ்ஞானம் சொல்ல ஆரம்பித்தேன். தோற்றுப்போகும்போது விஞ்ஞானம் பேசுவது என் பழக்கம். தங்கம் என்பது நிறம் இல்லை தம்பி, அது பளபளப்பு. கணினியில் வெளிர் மஞ்சள், அடர் பழுப்பு, நடுவே ஒரு வெள்ளைக் கீற்று என்று அடுக்கிக் கண்ணை ஏமாற்றுகிறோம். திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, அதனால் ஏமாற்று எடுபடுகிறது. அச்சு இயந்திரத்தில் இருப்பதோ நாலே மை: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கருப்பு. அதில் உலோகம் கிடையாது. உண்மையிலேயே மின்ன வேண்டும் என்றால் தனியாக ஃபாயில் ஒட்டி அழுத்த வேண்டும், சட்டைக்கு இவ்வளவு என்று காசு கூடும்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஊரே கோல்டு ஃபீல்டு. இங்க கோல்டுக்கு எக்ஸ்ட்ரா காசா?” என்றான். இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை.

அப்பா மட்டும் அந்தச் சட்டையைக் குறை சொல்லவில்லை. அவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். மேலே இருக்கிற பாறை இறங்கிவிடாமல் கீழே மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடும்வரை இறங்கினார். சட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாங்க கீழ பாத்தது எல்லாம் கல்லுதான்டா. கருநீலக் கல்லு. அதுக்குள்ள தங்கம் இருக்குதுன்னு மேல இருந்து சொல்லுவாங்க, நாங்க நம்பிக்குவோம். இந்த மஞ்சளே எங்க கண்ணுல பட்டது இல்ல” என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கேப்டனிடமும் போய்ச் சொன்னேன். பாக்கிப் பணத்தில் பாதியைத்தான் கொடுத்தான்.

எனக்கு இது தொழில் இல்லை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய், யாரோ ஒருவருடைய கணக்கை எழுதிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஆனால் லைன் வீடுகளில் ஒருவன் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் அவனை டிசைனர் என்று முடிவு செய்துவிடுவார்கள். காதுகுத்துப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மாதா தேர் பேனர், நினைவஞ்சலி எல்லாம் அவன் தலையில் விழும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகும். எல்லோருக்கும் அவசரம், யாருக்கும் காசு இல்லை. எனக்கோ ‘வராது’ என்று சொல்லும் துணிச்சல் இல்லை. என் தோல்விகள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றும்தான் முதலீடு.

ஆரம்பகாலத் தோல்வியைச் சொல்ல வேண்டும் என்றால் வெள்ளைச் சட்டையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஜெர்சியை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால், பிறகு வருகிற ஒவ்வொரு அணிக்கும் நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். டெம்ப்ளேட் என்பார்கள். ‘ஹியூ’ என்று ஒரு தள்ளுகோல் இருக்கிறது, அதை இழுத்தால் சிவப்பு பச்சையாகும், பச்சை நீலமாகும். நான் வரைந்து வைத்திருந்தது வெள்ளைச் சட்டை. தள்ளுகோலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன், சட்டை அசையவில்லை. மறுபடி இழுத்தேன். மவுஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் புது மவுஸ் வாங்கி வந்தேன். புது மவுஸுக்கும் அந்த வெள்ளை மசியவில்லை. அந்தக் கோல் ஏற்கெனவே இருக்கிற நிறத்தைத்தான் சுழற்றும். வெள்ளைக்கும் கருப்புக்கும் சாம்பலுக்கும் சுழற்ற நிறமே இல்லை. இது மென்பொருளின் முதல் பாடம். நான் அதை மவுஸ் விலை கொடுத்துக் கற்றேன்.

அடுத்து ஆரஞ்சு. ஆரஞ்சுச் சட்டை போட்ட கால்பந்து அணி ஒன்று குழுவாக நின்று எடுத்த படத்தைக் கொடுத்து, “இந்த வருஷம் ஜெர்சி நீலம், படத்துல மாத்திடுங்கண்ணா” என்றார்கள். புதிதாகப் படம் எடுப்பதற்கு எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்க்க முடியாதாம். பாதிப் பேர் காலை ரயிலில், மீதிப் பேர் இரவு ஷிஃப்டில். சரி என்று, ஆரஞ்சு நிறம் எங்கெங்கே இருக்கிறதோ அதையெல்லாம் நீலமாக்கு என்று கணினிக்கு ஆணையிட்டேன். அது சொன்னதைச் செய்தது. சட்டை நீலமானது, முகமும் நீலமானது, முழங்காலும் நீலமானது. காரணம் எளிது. நம் தோலின் பழுப்பு என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான். கணினியின் கணக்கில் எங்கள் ஊர்ப் பையன்களும் அவர்கள் சட்டையும் ஒரே குடும்பம். கோல்கீப்பர் பச்சைச் சட்டை போட்டிருந்தான். அவன் சட்டை தப்பியது, முகம் தப்பவில்லை. வரிசையாகக் கிருஷ்ண பரமாத்மாக்கள், நடுவில் ஒரு பந்து.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. ‘மாஸ்க்’ போட்டு, ஒவ்வொரு முகத்தையும் கழுத்தையும் கையையும் தூரிகையால் ஓரம் கட்டி மறைக்க வேண்டும். பொறுமையான வேலை. நான் அதற்குப் பதிலாக, “சும்மா சாம்பிள், பார்க்கட்டும்” என்று அந்த நீலப் படத்தையே அவர்கள் குழுவில் அனுப்பிவிட்டேன். ஒரு பையனின் பாட்டி அதைச் சாமி படங்களோடு மாட்டச் சொன்னதாகக் கேள்வி. மற்றவர்கள் அவ்வளவு பக்தி உள்ளவர்கள் இல்லை.

சிரிப்பு வராத தோல்வியும் ஒன்று உண்டு. எதிர் லைனில் இருக்கும் அக்கா ஒருவர், காலமாகிவிட்ட தன் அப்பாவின் சுரங்க அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு கருப்பு வெள்ளைப் படம், தோளில் பாதி முத்திரை. வேறு படமே கிடையாதாம். பெரிதாக்கி, வண்ணம் போட்டு, நினைவு நாளுக்குத் தர வேண்டும். “அப்பாவ கொஞ்சம் கலரா காட்டு தம்பி” என்றார். நான் காட்டினேன். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ‘கர்வ்ஸ்’ கோட்டை மேலே தூக்கி முகத்தை வெளுத்தேன், உதட்டுக்கு ரோஸ், சட்டைக்கு இளநீலம், பின்னால் ஒரு அருவி. ஊரில் எங்கேயும் இல்லாத அருவி.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இது யாரு தம்பி?” என்றார்.

மறுபடி கறுக்கவைத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. வெளுக்கும்போது கன்னத்தின் மேடும் பள்ளமும் அழிந்து வெறும் வெள்ளையாகிவிட்டால், அதன் மேல் எவ்வளவு பழுப்பு ஊற்றினாலும் அந்தக் கன்னம் திரும்பி வராது. போதாததற்கு ஸ்கேன் செய்த மூலக் கோப்பின் மேலேயே சேமித்து வைத்திருந்தேன். அட்டை அக்காவிடமே இருந்ததால் பிழைத்தேன். இரண்டாம் தடவை அட்டையை வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் அப்பாவை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்து வண்ணம் போட்டேன். கறுத்த தோலின் நிழல் சாம்பலாக இருக்காது, செம்மை ஓடும். வெளிச்சம் படுகிற எலும்பு மேட்டில் வானத்தின் நீலம் லேசாக ஏறும். ஒரு டிம்பர்மேன் கை இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்காது. “எவ்ளோ நேரம்டா கைய நீட்டிக்கினே இருக்கறது” என்று அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அக்கா இந்த முறை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அருவியைப் பற்றி மட்டும் பிறகு ஒருநாள் விசாரித்தார். அது நன்றாகத்தான் இருந்ததாம்.

பழைய படத்துக்கு வண்ணம் போடுவதில் தேறிவிட்டேன் என்று நினைத்த நேரத்தில்தான் பழைய கால்பந்து அணி ஒன்றின் கருப்பு வெள்ளைக் குழுப் படம் வந்தது. சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் இங்கே வந்த பிறகு, வெள்ளைக்காரர்களுக்குக் கிளப், டென்னிஸ் என்று ஒரு உலகம். தொழிலாளர்களுக்குக் கால்பந்து, ஹாக்கி என்று இன்னொன்று. அந்த இரண்டாவது உலகத்தின் படம் இது. தடித்த அட்டையில் ஒட்டியது, இரண்டு வரிசை, முன்வரிசை சம்மணம், கோடு போட்ட சட்டைகள், ஒரு பந்து. வருஷம் எழுதிய மூலையைக் கரையான் தின்றிருந்தது. தாத்தாக்களின் நினைவாகப் பேரப்பிள்ளைகள் ஒன்றுகூடல் வைக்கிறார்கள், அதற்கு வண்ணப் பேனர் வேண்டும்.

முதலில் தானாகவே வண்ணம் போடும் வசதி ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன். இப்போது எல்லா இடத்திலும் அது இருக்கிறது. ஃபோட்டோஷாப்பிலேயே 2020-இல் வந்துவிட்டது. இவை லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. ஒரு சட்டை சிவப்பா நீலமா என்று நிச்சயமில்லாதபோது இரண்டுக்கும் நடுவில் மங்கலாக எதையாவது பூசிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பலவற்றின் சுபாவம். எனக்கு வந்ததும் அப்படித்தான், எல்லோரும் அழுக்கு நீலம். இவ்வளவு தயக்கம் நமக்கு ஆகாது என்று நானே இறங்கினேன். தங்கத்துக்கு மஞ்சள், சுரங்கத்துக்குக் கருப்பு. மஞ்சள் கருப்புக் கோடு. இதைவிடப் பொருத்தம் உண்டா? என் தர்க்கத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பேனர் அச்சாகி வந்ததும் டீக்கடையில் பிரித்துக் காட்டினோம். ஒரு பெரியவர், “சிவப்பு வெள்ளைடா அது” என்றார். இன்னொருவர், “பச்ச. சத்தியமா பச்ச. எங்க அண்ணன் சட்டைய நான்தான் காயப்போடுவேன்” என்றார். மூன்றாமவர் நீலத்தில் நின்றார். மஞ்சள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

படத்தையே சாட்சிக்கு அழைக்கலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். பழைய ஃபிலிம்களில் ‘ஆர்த்தோகுரோமாட்டிக்’ என்று ஒரு வகை. அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதில் படம் பிடித்தால் சிவப்புச் சட்டை கருப்பாக விழும், வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகும். அதற்குப் பின்னால் பரவலான ‘பாங்குரோமாட்டிக்’ எல்லா நிறத்தையும் பார்க்கும். ஆனால் ஒரு நடுத்தரச் சிவப்பையும் ஒரு நடுத்தரப் பச்சையையும் ஒரே சாம்பலாகப் பதிவு செய்துவிடும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் சாம்பலிலிருந்து நிறத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆக, அந்தக் கோடு சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். மூன்று பெரியவர்களுக்கும் படம் தலையாட்டியது.

வேடிக்கை என்னவென்றால், ஃபோட்டோஷாப்பின் பூர்வீகமே சாம்பல்தான். தாமஸ் நோல் 1987-இல் எழுத ஆரம்பித்தது, கருப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் படங்களைக் காட்டுவதற்கான ஒரு நிரல். அது தம்பி ஜானோடு சேர்ந்து வளர்ந்து 1990-இல் கடைக்கு வந்தது. இப்போது பழைய சினிமாவுக்கே வண்ணம் ஏற்றி வெளியிடுகிறார்கள். இந்தியில் ‘முகல்-ஏ-ஆஸம்’ 2004-இல் வந்தது, தெலுங்கில் ‘மாயாபஜார்’ 2010-இல், எங்கள் கர்நாடகத்தில் ராஜ்குமாரின் ‘கஸ்தூரி நிவாச’ 2014-இல். ‘முகல்-ஏ-ஆஸம்’காரர்களுக்கு ஒரு கொடுப்பினை: 1960-இலேயே சில பகுதிகளை வண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டியவருக்கும் ஒரு வசதி இருந்தது, சேலையின் நிறம் என்ன என்று எதிரில் இருப்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த ஆதாரம் டீக்கடை.

கடைசியில், அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே தாத்தாவைப் பார்க்கப் போனோம். பேனரைக் கட்டிலின் மேல் விரித்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தவர், “இது எங்க சட்டையே இல்லியேப்பா” என்றார். படம் எடுக்க ஆள் வந்த அன்றைக்கு அவர்கள் சட்டை சலவைக்குப் போயிருந்ததாம். வேறு அணியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்களாம். “சரி தாத்தா, உங்க சட்டை என்ன கலரு?” என்று கேட்டேன். “கலரா? தோய்ச்சுத் தோய்ச்சு பழுப்பாப் போயிருந்துச்சு. அதான் போட்டோக்குக் கடன் வாங்குனோம்” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒன்றுகூடல் நடந்த அன்று, அந்தப் பேனருக்குக் கீழே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பச்சை என்று சத்தியம் செய்த பெரியவர் தன் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “மஞ்சளும் கருப்பும் தான் நம்ம கலரு. தூரத்துல வந்தாலே தெரியும்.” நான் பக்கத்திலேயே நின்றேன். திருத்த வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அணியின் பெயரில் புதிதாக ஜெர்சி அடித்தார்கள், மஞ்சள் கருப்பில். டெம்ப்ளேட் நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு ஊரின் விளையாட்டுச் சரித்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அரைகுறை வேலையால் மாற்றிவிட முடிகிறது என்பது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அதிலிருந்து பழைய படங்களில் நான் ஊகித்துப் போட்ட நிறம் எது, கேட்டுப் போட்டது எது என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்துவிடுகிறேன். சட்டம் போடுகிற கடைக்காரர் சரியாக அந்த ஓரத்தைத்தான் வெட்டுகிறார்.

எங்கள் ஊருக்கே வெளியார் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் எங்கள் ஊரின் சுருக்கப் பெயரிலேயே ‘கேஜிஎஃப்’ படம் வந்தது, 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். இங்கேயுள்ள சைனைடு மேட்டில் செட் போட்டும் எடுத்தார்கள். திரையில் எல்லாம் கரிக் கருப்பு, ஆள்களின் முகம்கூடக் கரி. நிஜ மேடு அப்படியா இருக்கிறது? அரைத்த கல்லிலிருந்து சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சக்கை அது, வெளுத்த சாம்பல் நிறம். வெயிலில் பார்த்தால் கண் கூசும். அப்படி 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். அவற்றிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் கொடுத்தது.

படத்துக்குப் பிறகு கல்யாண ஜோடிகள் அந்த மேட்டுக்குப் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்: “அண்ணா, கேஜிஎஃப் எஃபெக்ட் போடுங்க.” போட்டேன். நிறத்தை உறிஞ்சி எடுத்தேன், நிழலை இறுக்கினேன், வானத்தைப் புகையாக்கினேன். மாப்பிள்ளைக்குப் பரம சந்தோஷம், அவன் படத்தின் நாயகன் யஷ் மாதிரி நின்றிருந்தான். பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலை ஆல்பத்தில் கரித்துணியாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “கல்யாண ஆல்பமா, கருமாதி ஆல்பமா?” என்று கேட்டு மூடிவிட்டார். சேலை விலை என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் கணினியைவிட அதிகம்.

இனி தலைப்பின் விவகாரம். ஜெர்சி அச்சடிப்பதில் இப்போது எல்லாம் சப்ளிமேஷன். வடிவத்தை முதலில் தாளில் அச்சடித்து, தாளைப் பாலியெஸ்டர் துணியின் மேல் கவிழ்த்து, 200 டிகிரி அளவுச் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். கவிழ்ப்பதால் படம் இடம் வலமாக மாறும். ஆகவே தாளில் இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல், அச்சடிக்க வேண்டும். இதை நான் எங்கோ படித்துவிட்டேன். படித்ததை உடனே செய்து காட்டுகிற ஆசையில், வடிவத்தைத் திருப்பி வைத்து அச்சுக்கடைக்கு அனுப்பினேன். அவர்கள் வழக்கம்போல் திருப்பினார்கள். இரண்டு திருப்பும் சேர்ந்து ஒன்றை ஒன்று ரத்து செய்துகொண்டன. துணியில் கவிழ்த்ததும் எண்கள் எல்லாம் முதுகில் திரும்பி நின்றன.

போட்டி மறுநாள் காலை. சட்டைகளை வரிசையாகக் கொடியில் போட்டுப் பார்த்தோம். தோனிக்காக 7 கேட்ட பையன் முதுகில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஏதோ ஒரு குறி. 3 எதிர்ப்பக்கம் வாய் திறந்திருந்தது. கோலிக்காக 18 கேட்டவனுக்குத் தெளிவாக, அழகாக, 81 என்று வந்திருந்தது. அவன் ஒருவன்தான் யோசித்துவிட்டு, “பரவால்ல, வித்தியாசமா கீது” என்றான். எட்டாம் நம்பர்க்காரன் எப்படிப் பார்த்தாலும் எட்டாகவே இருந்தான். அன்றைக்கு அவன் பக்கத்திலேயே நான் உட்கார்ந்துகொண்டேன், மற்றவர்கள் அருகில் உட்கார இடம் கொடுக்கவில்லை.

அடுத்த ஆர்டருக்கு எண்ணைச் சரியாகக் கொடுத்தேன். இந்தத் தடவை பெயர் காலை வாரியது. பையன்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் கொக்கு, கால் நீளம். பெயர் தமிழில்தான் வேண்டும் என்றான். நான் வைத்திருந்தது தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத பழைய பதிப்பு, கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. புதுப் பதிப்பில் தெற்காசிய மொழிகளுக்கு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் கன்னடமும் ஒழுங்காக வரும். அதை வாங்க வசதியில்லாதவர்களின் குலதெய்வம் பாமினி எழுத்துரு. நானும் பாமினியில் அடித்தேன், திரையில் கொக்கு கண்ணுக்கு லட்சணமாக நின்றது. அச்சுக்கடைக் கணினியில் பாமினி இல்லை. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும், நான் அப்படியே அனுப்பிவிட்டேன். பாமினியில் தமிழுக்கு அடியில் இருப்பது ஆங்கில விசைகள்தானே. சட்டை முதுகில் என், எஃப், ஹெச், எஃப், ஒரு அரைப்புள்ளி, இன்னொரு பெரிய எஃப் என்று அச்சாகி வந்தது. நடுவர் அதைப் பார்த்து, “எந்த ஸ்டேட் பிளேயர்ப்பா இவன்?” என்று கேட்டாராம். பையனுக்கு இப்போது பட்டப்பெயரே ‘என்எஃப்ஹெச்’ தான். கொக்கு என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வரி. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து 1902-இலேயே மின்சாரம் வந்த ஊர் எங்களுடையது, பெங்களூருக்கே 1905-இல்தான். இந்தப் பெருமையை நான் ரயிலில் பெங்களூர்க்காரர்களிடம் அடிக்கடி சொல்வேன். சேமிக்காத கோப்பு மின்வெட்டில் போனபோதெல்லாம் இந்தப் பெருமை ஒரு உதவியும் செய்யவில்லை. தானே சேமிக்கும் வசதியை, கணினி மெதுவாகிறது என்று நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

இப்போது கையில் இருக்கிற வேலை, புதிதாக உருவான ஒரு அணிக்கு. பாதிப் பையன்கள் சென்னை மஞ்சள், பாதிப் பேர் பெங்களூர் சிவப்பு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், வேலை பெங்களூரில் என்று இருக்கிற ஊரில் இந்தச் சண்டை ஐபிஎல் முடிந்தாலும் முடிவதில்லை. கோலி, கிளென் மேக்ஸ்வெல், ஃபாஃப் டூ பிளெசி மூவரையும் சேர்த்து ரசிகர்கள் ‘கேஜிஎஃப்’ என்று கூப்பிட்டதைச் சொல்லிச் சிவப்புக்காரர்கள் ஊர்ப் பற்றையே ஆயுதமாக எடுத்தார்கள். மஞ்சள்காரர்கள் தோனி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். நான் சமரசமாக, தோளில் மஞ்சளாகத் தொடங்கி இடுப்பில் சிவப்பாக முடிகிற மாதிரி குழைத்து வரைந்தேன். நடுவில் நெஞ்சு முழுக்க ஆரஞ்சு. பார்த்ததும் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து கத்தியது: “அண்ணா, இது ஹைதராபாத்!”

கடைசியில் வெள்ளைச் சட்டை, கருப்பு எண், கருப்புப் பெயர் என்று முடிவானது. வெள்ளைக்கு மை வேண்டாம், துணியே வெள்ளை. கருப்பில் என்ன தப்பு நடந்துவிடும் என்று நிம்மதியாக அனுப்பினேன். சப்ளிமேஷனில் சூடும் நேரமும் சரியாக அமையாவிட்டால் கருப்பு பழுப்படிக்கும் என்பதை இன்று காலை பையன்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள் தம்பி, சரியாகத் தெரியும் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் பார்த்ததற்கான நீல டிக் விழவில்லை.